ஐக்கியமும் சகவாசமும்: கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் குழுக்களின் வரலாற்றில் மொழி

1. முன்னுரை

ஐதராபாத் நகருக்கு மேற்கே உள்ள இராமச்சந்திராபுரம், பெல் நிறுவனத்தின் ஆலையை நாடிப் பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய ஊராகும். அதற்கு அண்மையில், 1974இல் நிறுவப்பெற்ற ஐதராபாத் பல்கலைக்கழகம் உள்ளது. இவ்வட்டாரத்திற்குப் பயில வரும் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் ஒருவரைத் தெலுங்கு நண்பர்கள் தம் 'சகவாச'த்திற்கு அழைப்பின் அவர் சற்றே திகைக்கக் கூடும். தெலுங்குக் கிறிஸ்தவ வழக்கில் அது புனிதமான சொல். தமிழிலோ 'கெட்ட சகவாசம்', 'உன் சகவாசமே வேண்டா' என்னும் தொடர்களில் பயின்று இழிபொருள் ஏற்றுவிட்ட சொல். ஒரே வடசொல் இரு மொழிகளில் இருவேறு நிலை எய்தியமைக்கு இது நல்ல சான்றாகும். இத்தகைய மாணவர் குழுக்கள் தோன்றியதிலும் நிலைபெற்றதிலும் மொழி வகித்த பங்கினை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. தோற்றம்

தமிழரிடையே இக்குழுக்களின் வரலாறு யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல், அங்குப் பணியாற்றிய அமெரிக்க ஆசிரியர் பிராங்க் சாண்டர்சின் முயற்சியால், மாணவர்க்கான கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அமைந்தது. ஆசியக் கல்லூரிகளில் எழுந்த முதற் சங்கமாக இது கருதப்படுகிறது. சுவீடன் நாட்டு வாட்ஸ்டெனாவில் உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனம் உருவானது 1895இல்தான் என்பது நோக்கத்தக்கது.

தொடங்கியவர் வெளிநாட்டார், நிலைக்கச் செய்தவர் மாணவரே. 1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண மாணவர்கள் தம் பொருளைக் கொண்டே ஓர் ஊழியச் சங்கத்தை அமைத்துக் கடல் கடந்து தமிழகக் கரைக்குப் பணியாளரை அனுப்பினர். அப்போது வாலிபர் சங்கத்தின் செயலாளராயிருந்த திருநெல்வேலித் தமிழர் வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்று இதனை நேரிற் கண்டார். அதன் விளைவாக 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அச்சங்கம் தேர்ந்த பணிக்களம் நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் வட்டாரம். அஃதாவது தெலுங்கு நிலம். அசரியா தாமே அங்குச் சென்று தெலுங்கு கற்றுப் பணியாற்றினார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. கல்லூரி அறையொன்றில் எழுந்த முயற்சியின் தொடர் விளைவு, ஒரு தமிழரைத் தெலுங்கு கற்க வைத்ததில் வந்து முடிந்தது.

3. பெயர்களின் பொருட்புலம்

இக்குழுக்கள் கொண்ட பெயர்கள் மூன்று கருத்துகளைச் சுட்டும். 'சங்கம்' என்பது உறுப்பினர், சந்தா, செயலாளர் ஆகியவற்றை உடைய அமைப்பு. 1912இல் தொடங்கிய இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் பெயரிலுள்ள 'இயக்கம்' சமூகத்தை நோக்கிய செயற்பாட்டைக் குறிக்கும். 1954இல் உருவான யு.இ.எஸ்.ஐ. என்னும் நற்செய்தி மாணவர் அமைப்பு ஆங்கிலப் பெயரில் 'யூனியன்' எனக் கொண்டது.

தமிழில் 'ஐக்கியம்' என்ற சொல் இணைந்த அமைப்பையும் நெருங்கிய உறவையும் ஒருங்கே குறிக்கும். ஐக்கிய நாடுகள் சபையிலும் அச்சொல் உண்டு. செபக் குழுவிலும் உண்டு. கிரேக்கத்தில் 'கொய்னோனியா' என்னும் ஒரே சொல் வருமிடங்களில், பழைய தமிழ்த் திருப்புதல் அப்போஸ்தலர் நடபடிகளில் (2:42) 'அந்நியோந்நியம்' என்றும், முதலாம் யோவான் நிருபத்தில் (1:3) 'ஐக்கியம்' என்றும் பெயர்த்துள்ளது. தெலுங்குத் திருப்புதலோ ஈரிடத்தும் 'சகவாசம்' என்கிறது. எனவே தெலுங்குச் சொல்லைத் தமிழிற் பெயர்ப்பவர் எழுத்தொப்புமையைக் கைவிட்டு, வழக்கை அடியொற்றி 'ஐக்கியம்' என்றே எழுதுதல் வேண்டும்.

4. நிலைபேறு

கல்லூரிக் குழுவின் அடிப்படைச் சிக்கல் அதன் உறுப்பினர் சில ஆண்டுகளில் வெளியேறிவிடுவதாகும். பட்டம் பெற்றோர்க்கென யு.இ.எஸ்.ஐ. தனிக் குழுக்களை அமைத்தமை இதற்கு ஒரு தீர்வு. முன்னவர் வெளியேறினும் இளையோர்க்குத் துணை கிடைக்கிறது.

எனினும் பன்மொழி வளாகத்தில் இஃதொன்றே போதாது. குழுவின் மொழி தெலுங்கானால் தமிழரும் ஒடியரும் விலகி நிற்பர். ஆங்கிலமேயானால் எல்லாரும் கூடுவர். ஆனால் தாய்மொழியில் அழுது செபித்துப் பழகியவர் வாய் திறவார். சிற்றூரிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவரே இதில் முதலில் இழப்புறுவர். மொழிவாரியாகப் பிரிந்தாலோ நெருக்கம் மிகும். ஆனால் ஒரே விடுதியில் வாழ்வோரிடையே சுவர் எழும். 1918இல் உருது வழிக் கல்வியுடன் தொடங்கிப் பின்னர் ஆங்கிலத்திற்கு மாறிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் அமைந்த இந்நகரில் வளாக மொழி என்பது என்றுமே தானாகத் தீர்ந்த ஒன்றன்று.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால், குழுவைத் தொடங்கப் பொதுமொழி உதவும் என்பதும், அதனை நிலைபெறச் செய்யப் பிறர் மொழியைக் கற்கும் மனம் வேண்டும் என்பதும் பெறப்படும். தோர்ணக்கல்லில் அசரியா தெலுங்கரைத் தமிழ் கற்கச் சொல்லவில்லை. தாம் தெலுங்கு கற்றார். 'சகவாசம்' என்பதன் வேர்ப்பொருள் உடன் உறைதல். விடுதியில் உடன் உறையும் மாணவர்கள் ஒருவர் மொழியை மற்றவர் கற்குமளவில் அச்சொல் தமிழ்ச் செவிக்கும் இழிபொருள் நீங்கி ஒலிக்கக் கூடும்.