வாசலில் கேட்கும் முதல் கேள்வி

அடிபட்டு வருகிறவரிடம் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், அது எந்தக் காலம் என்று நான் சொல்லிவிடுவேன். அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாதி சர்வீஸ் கேஷுவாலிட்டியில்தான் போனது.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. நமக்காக அல்ல, கம்பெனியின் சிப்பாய்களுக்காக. இப்போதைய இடத்துக்கு அது வந்தது 1772-ல். அங்கே வாசல் கேள்வி, 'நீ யாருடைய ஆள்?' வடசென்னை ஸ்டான்லியின் கதை வேறு. 1780-களின் தொடக்கத்தில், ஹைதர் அலியோடு நடந்த போரை ஒட்டி வந்த பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்த பிறகும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். பசித்தவனிடம் யாருடைய ஆள் என்று கேட்காத இடம் என்பதால் எனக்கு அந்தப் பெயர்மேல் தனிப் பிரியம்.

யாருடைய ஆள் என்று பார்க்காமல் காயத்தைப் பார் என்று போர்க்களத்திலேயே சொன்னவர், நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற அறுவை மருத்துவர். 1790-களில் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே அனுப்பி ஆட்களைத் தூக்கி வந்தவர். அதிகாரியோ சிப்பாயோ, உயிருக்கு ஆபத்தானவன் முதலில் என்பது அவர் விதி. எங்கள் நர்ஸிங் பாடத்தில் அவர் பெயர் வந்ததாக நினைவில்லை. வந்திருந்தாலும் எங்கள் கேஷுவாலிட்டியில் அன்று அது நடந்திருக்காது, ஏனென்றால் அங்கே ராஜா ஏ.ஆர். புத்தகம்.

விபத்துப் பதிவேட்டைத்தான் ஏ.ஆர். என்போம். நீளமான நோட்டு, நடுவில் கார்பன் தாள். பெயர், வயது, அழைத்து வந்தவர் யார், எத்தனை மணிக்கு, அடையாளத்துக்கு இரண்டு மச்சம். வெட்டுப்பட்டவர் ரத்தம் ஒழுக பெஞ்சில் சாய்ந்திருப்பார். நான் அவர் சட்டையை விலக்கி மச்சம் தேடிக்கொண்டிருப்பேன். டூட்டி டாக்டர் எழுதுவார்: 'தெரிந்த நபர்கள் இருவர், அரிவாளால், மாலை ஆறு மணியளவில், தாக்கியதாகச் சொல்லப்படுகிறது.' தெரிந்தவர்களா தெரியாதவர்களா, இருவரா மூவரா என்பதில் பின்னால் கோர்ட்டில் ஒரு கேஸே நிற்கும், விழும். அதனால் கூட வந்த அண்ணன், "நாலு பேருன்னு போடுங்க சார்" என்று டாக்டர் காதோரம் நின்று சொல்லிக்கொண்டே இருப்பான். வெளியே அவுட்போஸ்ட் போலீஸ்காரர் நகலுக்குக் காத்திருப்பார். அன்றைய வாசல் கேள்வி, 'இது போலீஸ் கேஸா?'

இந்தக் கேள்விக்குப் பயந்தே தனியார் மருத்துவமனைகள் பல, "ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போங்க" என்று கேட்டிலேயே திருப்பிவிடும். முதலுதவிகூடக் கிடைக்காமல் லாரியிலும் வாடகை அம்பாசடரிலும் வந்தவர்களை இறக்கிய கைகள் இவை. வழியிலேயே போய்விட்டவர்களும் உண்டு.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஸ்கூட்டரில் போனவர் கார் மோதி விழுகிறார், அருகிலிருந்த மருத்துவமனை, இத்தகைய கேஸ்களைப் பார்க்க அனுமதி பெற்ற வேறு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறது, போகும் வழியில் இறந்துவிடுகிறார். இந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அரசோ தனியாரோ, எந்த மருத்துவரும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீஸ் சடங்குகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. 1996-ல் இன்னொன்று. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியை ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக 'படுக்கை இல்லை' என்று திருப்பியிருந்தார்கள். அவசர சிகிச்சை தராதது வாழும் உரிமையை மீறியது என்று சொன்ன நீதிமன்றம், 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தூக்கிக்கொண்டு வந்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் அது சட்டமானது. இன்றும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஊசி போட்ட பிறகு எழுதலாம்.

தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். அதன் பிறகு ஆட்கள் ஆக்ஸிஜன் முகமூடியோடும் கழுத்துப் பட்டையோடும் வரத் தொடங்கினார்கள். அவசர மருத்துவம் தனிப் படிப்பாக நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றது 2009-ல். அதுவரை கேஷுவாலிட்டி டூட்டி என்பது எல்லோரும் முறைவைத்துத் தள்ளிவிடுகிற வேலை. நான் ஓய்வு பெறும் காலத்தில் பெரிய அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாசலிலேயே ஒரு நர்ஸ் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு பார்த்து நிறம் சொல்லுவார். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்து, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்றுக்கொண்டபோது, 'பணம் கட்டியாச்சா?' என்ற கேள்வியும் அந்த அளவுக்கு வாசலைவிட்டு விலகியது.

நிறம் பிரிப்பதில்தான் குடும்பங்களுக்குக் கோபம் வரும். "நாங்க முன்னாடியே வந்தோம், சிஸ்டர்" என்பார்கள். கை முறிந்து வலியில் துடிக்கிற பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, வியர்த்துப்போய்ச் சத்தமே இல்லாமல் வந்த ஒரு பெரியவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? நெஞ்சு வலி என்றால் வந்த பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாதவரைப் பார்த்துத்தான் எங்களுக்கு வயிறு கலங்கும். உங்களைக் காக்க வைத்தால் எங்கள் கணக்கில் அது பெரும்பாலும் நல்ல சேதி. காத்திருக்கையில் மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், நிறம் மாறும்.

எதுவுமே நடக்காததுபோலத் தெரியும் நேரத்திலும் சில சமயம் வேலை நடந்துகொண்டிருக்கும். பாம்புக்கடியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைப்போம். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். தண்ணியாய் ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, மருந்து ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிஷமும் கடிபட்டவரின் மாமனார், "சும்மா வேடிக்கை பாக்குறாங்கய்யா" என்று வராந்தாவில் ஊரைக் கூட்டுவார். அடித்த பாம்பைப் பையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தவர்களும் உண்டு, ஒன்று நெளிந்தது. பாம்பு வேண்டாம். கயிறு இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பக்கவாதத்துக்கு இப்போது கேட்கிற கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் கேட்கிறார்கள். மனைவி, "காலையில எந்திரிக்கும்போதே வாய் கோணியிருந்துச்சு" என்பார். அது பதில் இல்லை. ராத்திரி பாத்ரூம் போனாரா, பேசினாரா, எத்தனை மணிக்கு என்று நோண்டித்தான் எடுக்க வேண்டும். யாருடைய ஆள் என்பதும் வேண்டாம், யார் அடித்தார்கள் என்பதும் வேண்டாம். மணி எத்தனை என்பது மட்டும் போதும்.

அடுத்த கேள்வி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. சீட்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை, வீட்டில் கிடக்கிற அட்டைகளைப் பையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும் சிஸ்டர், ராத்திரி பாதி" என்றால் நாங்கள் என்ன செய்ய?