கல்லும் பெயரும்

போரில் மாண்டாரை நினைவுகூரும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையினைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. வீழ்ந்தவனின் பெயரும் பீடும் அக்கல்லில் பொறிக்கப்பெற்றதைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். பெயரில்லாத கல் வெறுங்கல்லே என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

மலேசிய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் யான். ஆண்டுதோறும் சூலை 31ஆம் நாள் வீரர் நாளாகப் போற்றப்படுகிறது. அந்நாளில் எழும் ஊதுகொம்பின் ஓசை, உடன் நின்று மடிந்த தோழரை நினைவிற் கொணரும். படையாள் ஒவ்வொருவனுக்கும் எண் உண்டு. அவ்வெண்ணுக்குரிய பெயரும் ஊரும் ஏட்டில் உண்டு. அவன் வீழ்ந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. ஆனால் சீருடை அணியாமலே போருக்கு இரையானவர்களை யார் கேட்பது? எங்கள் செரண்டாவிலும், வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழ்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. அதே ஆண்டில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையை அவர்கள் அமைக்கத் தொடங்கினர். போர்க் கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழரும் ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களுள் பெரும் பகுதியினரை விழுங்கியிருந்தன. மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் குறிக்கப்பட்ட பெயர், காட்டு முகாமில் யாராலும் முறையாகக் குறிக்கப்படவில்லை.

காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 6,900 கைதிகள் துயில்கின்றனர். பெயர், வயது, படைப்பிரிவு ஆகியவை வரிசை வரிசையாகக் காணப்படுகின்றன. அது போற்றத்தக்கதே. ஆயின் அவ்வரிசைகளில் நம் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை.

நினைவுச் சின்னங்களுக்கும் அரசியல் உண்டு. 1945 சூலை 8ஆம் நாள் நேதாசி சுபாசு சந்திரபோசு, இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரர்க்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டினார். மலாயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்திருந்த படை அது. அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அச்சின்னத்தைத் தகர்த்தனர். அவ்விடத்தில் அடையாளப் பலகை அமைய 1995ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. வென்றவர் விரும்பாத நினைவைக் காக்கும் பொறுப்பு மக்களுடையதே என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

களத்தில் பொருதாத தொழிலாளிக்கு நடுகல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டியது வாளேந்திய மறவனுக்காக அன்று. அநீதியால் கணவனை இழந்த ஒரு குடிமகளுக்காக. ஆதலின் நம் மரபு இதற்கு இடந்தருகிறது. 2023ஆம் ஆண்டில் காஞ்சனாபுரியில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது நெஞ்சை நிறைக்கும் செய்தியாகும். எனினும் மாண்டார் அனைவரின் பெயரையும் அங்கே பொறிக்க இயலாது. முழுமையான பட்டியல் எங்கும் இல்லை.

ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலாலும் இவ்வரலாற்றை இலக்கியமாக்கினர். எஞ்சிய பணி ஆசிரியப் பெருமக்களுடையது. தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, லயங்கள் இடிபட்டு வீடமைப்புத் திட்டங்கள் எழுகின்றன, நினைவுடைய முதியோரும் மறைந்து வருகின்றனர். "நம் குடும்பத்தில் சயாமுக்குச் சென்று திரும்பாதவர் யார்?" என்று ஒவ்வொரு மாணவனும் தன் இல்லத்தில் கேட்டு, அப்பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வரட்டும். ஒரு பள்ளிக்குப் பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். அவற்றை ஏட்டில் ஏற்றி, வீரர் நாளன்று வகுப்பில் உரக்கப் படிப்போமாக.