ஒப்பாரிக் கோச்சி

ஊர் ஏக்கம் இயல்பான உணர்ச்சி என்றே நம் விமர்சனம் நம்பி வந்திருக்கிறது. எந்த ஊர், யார் தீர்மானித்த ஊர் என்று கேட்டால் விஷயம் வேறாகிறது.

மலையக நாட்டார் பாடல்களையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காக மன்னார் வழியே காடு கடந்து நடந்தவர்களின் பாட்டில் விட்டுவந்த ஊரும் சாதிசனமும் கங்காணியின் ஏய்ப்பும் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் இவற்றைத் தொகுத்தார்கள். இந்த ஏக்கத்தைக் காட்டி, 'அப்ப இவங்க இந்தியாக்காரங்கதானே' என்று சொல்லிவிடுவது சுலபம். அரசுகளின் தர்க்கமும் இதுதான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. பங்கு போடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. செத்தவருக்கு வைக்கிற ஒப்பாரியை உயிரோடிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வைத்தார்கள். முப்பாட்டன் ஏங்கிய ஊர்ப்பக்கம்தான் ரயில் போனது. பேத்தி அழுததோ லயத்தையும் தேயிலையையும் பிரிந்துபோகும் கூடப்பிறந்ததுகளையும் நினைத்து. 'தாயகம் திரும்பியோர்' என்கிற சர்க்கார் சொல்லை அந்த அழுகை அன்றைக்கே மறுத்துவிட்டது.

நம் வரலாற்றாசிரியர்கள் ஒப்பந்த எண்களை எடுத்துக்கொண்டு, ஒப்பாரியை நாட்டாரியல் துறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பாகப்பிரிவினையில் உடன்பாடில்லை. அந்த மக்களிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் ஒப்பாரியில்தான் இருக்கிறது.