டிஸ்போசல் லாரியும் டீசல் எஞ்சினும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது இரண்டு நிபந்தனை விதித்தார். "நம்ம படிப்பு சம்பந்தப்பட்டதா இருக்கணும், நம்ம பக்கத்து விஷயமாவும் இருக்கணும்." இரண்டுக்கும் பொருந்தக்கூடிய ஒரு விஷயம் பல வருடங்களாக என் மனதில் இருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய மிலிட்டரி லாரிகளை வாங்கி, அவற்றின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, டீசல் எஞ்சின் பூட்டி ஓட்டிய வரலாறு அது. நான்கு வருட மெக்கானிக்கல் படிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கூட நாம் படித்ததில்லை.

என் சொந்த ஊர் மூலனூர். முருங்கைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துப் பருத்தி ஏலத்துக்கும் பெயர் பெற்ற ஊர். 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். (ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வருகிறது!) திருப்பூர் என்றால் இன்று பனியன் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் அது பஞ்சு அரவைக்குப் பேர் போன ஊர். எங்கள் பக்கத்துப் பருத்தி தாராபுரம் வழியாக மாட்டுவண்டியில் அங்கே போகும். ஓர் இரவில் முடிகிற பயணம் அல்ல. மாட்டுவண்டியின் இடத்துக்கு லாரி வந்தபோது, வந்தவற்றில் சில மிலிட்டரி லாரிகள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'டிஸ்போசல் வண்டி' என்பார்கள். பல காலம் அதை ஒரு கம்பெனியின் பெயர் என்றே நினைத்திருந்தேன்!

அந்தப் பெயர் வந்த விதம் இதுதான். போர்க் காலத்தில் கனடாவில் ஃபோர்டு கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளுக்காக ஒரே மாதிரியான ராணுவ லாரிகளைத் தயாரித்தன. மொத்தம் 4 லட்சம் வண்டிகளுக்குக் குறையாது. குட்டை மூக்கு, ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் நடுவே கேபினுக்குள்ளேயே துருத்திக்கொண்டிருக்கும் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் டிரைவ், 3 டன் வண்டிக்கு 10.50-20 டயர். பிற்கால மாடல்களில் முன் கண்ணாடி தலைகீழாகச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டுப் பளபளத்து மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஸ்டீயரிங் வலது பக்கம். நமக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. அமெரிக்க ராணுவத்தின் ஜி.எம்.சி. ஆறு சக்கர லாரிக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அதை வாங்கியவருக்குக் கூடுதல் தலைவலி.

பர்மா போர்முனைக்காக இந்த வண்டிகள் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக வந்தன. 1945-ல் போர் முடிந்தது. திருப்பி அனுப்பினால் கப்பல் கூலிக்குக் கட்டுப்படியாகாது. எனவே அரசின் டிஸ்போசல்ஸ் இலாகா அவற்றை விற்றுத் தள்ளியது. அந்த இலாகாவின் பெயரே வண்டிக்கு ஒட்டிக்கொண்டது.

புது லாரி கிடைக்காத காலத்தில் இது ஒரு வரப்பிரசாதம். ஆனால் வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது: போருக்குச் செய்த வண்டி எரிபொருள் கணக்குப் பார்க்காது. ஃபோர்டு வண்டியில் 3.9 லிட்டர், வி வடிவ எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 95 குதிரைத்திறன். செவர்லேயில் 3.5 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 85 குதிரைத்திறன். சர்க்கார் பெட்ரோலில் ஓடும்வரை கவலையில்லை. பஞ்சு ஏற்றி வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது கட்டுமா?

எஞ்சினின் தீனியை மாற்றுவது நம் மக்களுக்கு அப்போதே பழகிய சங்கதி என்பதையும் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கென்றே 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' தயாரித்தது. கரிவாயுவில் எஞ்சினின் பலம் வெகுவாகக் குறையும், மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டி வரும். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிக்காரன் கொடுத்தபடியேதான் வண்டி ஓட வேண்டும் என்பதில்லை என்கிற தைரியம் பட்டறைகளில் தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

டீசல் பக்கம் திருப்பியவை இரண்டு காரணங்கள். ஒன்று, எரிபொருள் செலவு. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற, அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின் சுமார் 0.6 பவுண்டு எரிக்கும், டீசல் எஞ்சின் சுமார் 0.4 பவுண்டுதான் எரிக்கும். அதுவும் முழுச் சுமையில். அரைச் சுமையில் திராட்டிலை மூடி ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சின் இன்னும் மோசம். விலையிலும் டீசல் மலிவு. இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாதது. உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் வண்டி பூட்டும் தொழிலைத் தொடரக் கூடாது என்று 1953-ல் இந்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஆக, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று தேய்ந்து போனால் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எங்கே போவது?

அந்த நேரத்தில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932-ல் தொடங்கிய கம்பெனியின் 1937-ம் வருட டிசைன் அது. 3.5 அங்குல போர், 5 அங்குல ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். பெட்ரோல் லாரியில் இறக்கி வைக்கத் தோதாக, அன்றைய டீசல்களில் அடக்கமான எஞ்சின். உள்நாட்டிலேயே உதிரி பாகம் கிடைக்கும் என்பது அதன் பெரிய பலம்.

இனி, பூட்டும் வேலை. தற்போதைய மாணவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் கணக்கு. ஃபோர்டு 95 குதிரைத்திறனை 3600 சுற்றில் தருகிறது. பெர்கின்ஸ் சுமார் 80 குதிரைத்திறனை 2400 சுற்றில் தருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வண்டி பலவீனப்பட்டது போலத் தோன்றும். திருகுவிசையைப் போட்டுப் பாருங்கள். உச்சத் திறன் வரும் இடத்தில் ஃபோர்டுக்கு 139 பவுண்டு-அடி, பெர்கின்ஸுக்கு 175. இழுவைக்கு டீசல்தான் ராஜா. ஆனால் சுற்று மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டதே! அதே கியர் பாக்ஸ், அதே பின் ஆக்சில் என்றால் 50 மைல் வேகத்தில் போன வண்டி 33 மைலோடு நின்றுவிடும். பஞ்சு லாரிக்கு இது ஆகாது. எனவே க்ரவுன்-பினியனை மாற்ற வேண்டும், அல்லது டீசல் லாரியின் கியர் பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். பினியனை மாற்றினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு விகிதத்தில் சுற்றும். ஆகவே ரோட்டு லாரிகளில் முன் டிரைவைக் கழற்றிப் போட்டார்கள். எடையும் தேய்மானமும் மிச்சம்.

அடுத்தது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது. இரண்டும் வெவ்வேறு கம்பெனி, போல்ட் துளைகள் பொருந்தாது. நடுவே ஒரு வார்ப்பிரும்பு வளையம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் எஞ்சினுக்கு, மறுபக்கம் பெல் ஹவுசிங்குக்கு. பம்ப் செட்டுக்கு வார்ப்படம் ஊற்றிப் பழகிய கோயமுத்தூர் ஃபவுண்டரிகள் இருக்கும்போது வளையத்துக்குப் பஞ்சமா? கஷ்டம் வளையத்தில் இல்லை, மையத்தில். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் உள்ளீட்டு ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் ஸ்பிகாட் பேரிங் போய்விடும், கியர் தானாகக் கழன்று விழும்.

இதைப் பற்றித் தாராபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு முதிய மேஸ்திரியிடம் கேட்டேன். வயது எண்பதுக்கு மேல். சிறுவயதிலேயே பட்டறைக்கு வந்தவர்.

"ஏனுங்கய்யா, டயல் கேஜ் இல்லாம எப்படிங்க சென்டர் பார்த்தீங்க?"

"கம்பிதான் தம்பி. ஃப்ளைவீல்ல ஒரு கம்பியக் கட்டி, முனைய ஹவுசிங் வாயில படற மாதிரி வளச்சு விட்டு, கையால சுத்தோணும். நாலு பக்கமும் ஒரே மாதிரி உரசுச்சுன்னா சென்டர். ஒரு பக்கம் சிகரெட் பேப்பர் போவுதுன்னா வளையத்த மறுபடி லேத்துக்கு அனுப்போணும்."

ஃப்ளைவீலில் முள்ளை மாட்டிச் சுற்றும் இதே முறையைத்தான் நாம் லேபில் டயல் கேஜ் வைத்துச் செய்தோம்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த சிக்கல் பிரேக். இந்த லாரிகளில் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வேக்குவம் துணை உண்டு. அந்த வெற்றிடம் பெட்ரோல் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருவது. திராட்டில் மூடும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. டீசலில் காற்றைத் தடுக்கும் அப்படியொரு திராட்டில் இல்லை, அந்த அளவு வெற்றிடமும் இல்லை. எஞ்சினை மட்டும் மாற்றி, பிரேக்கைப் பற்றி யோசிக்காமல் ரோட்டில் இறக்கினால், முன்பை விடப் பலமாக இழுக்கிற வண்டிக்கு முன்பை விட மோசமான பிரேக்! ஆகவே எஞ்சினால் ஓடும் தனி வேக்குவம் பம்ப் ஒன்று பூட்டியாக வேண்டும். வண்டியை ஒரு முழு அமைப்பாகப் பார்க்கத் தெரிந்தவருக்கே இது தோன்றும்.

மற்றவை கொஞ்சம் சில்லறை வேலைகள். 6 வோல்ட் மின்சாரம் டீசலின் கம்ப்ரஷனைச் சுற்றப் போதாது, 12 வோல்ட் ஆக்க வேண்டும். முன்பாரம் கூடுவதால் ஸ்பிரிங் பட்டை கூடுதல். குட்டையான எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்த இடத்தில் நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சின் உட்கார வேண்டுமானால் ரேடியேட்டர் முன்னே நகர வேண்டும், கேபின் தகரத்தை வெட்ட வேண்டும். செவர்லேயில் இந்தத் தொல்லை குறைவு.

வட இந்தியாவில் இப்படிப்பட்ட வேலையை 'ஜுகாட்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் 'ஒப்பேத்தறது' என்போம். இந்த வேலைக்கு அந்த இரண்டு சொல்லும் பொருந்தாது என்று நான் வாதிடுவேன். விகிதக் கணக்கு, மையம், பிரேக், பாரம் எல்லாம் சேர்ந்தால் அதற்குப் பெயர் பொறியியல். காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். கரூரின் பஸ் பாடி கட்டும் தொழில், நாமக்கல், சங்ககிரியின் லாரித் தொழில், லாரி சேசிஸின் மேல் கம்ப்ரஸரையும் துளையிடும் கருவியையும் ஏற்றி நாடெங்கும் அனுப்பிய திருச்செங்கோட்டின் ரிக் தொழில் ஆகியவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. சேசிஸை வெட்டி ஒட்டப் பயப்படாத கைகள் நம் பக்கத்தில் முன்பே தயாராக இருந்ததும் அதில் ஒன்று என்பது என் கணிப்பு.

1954-ல் டாடா-மெர்சிடஸ் டீசல் லாரி வந்தது. அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஆனாலும் புது வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததால் பழைய வண்டிகளின் ஆயுள் நீண்டது. விபத்தில் நொறுங்கிய டாடா லாரியின் எஞ்சினும் மிலிட்டரி சேசிஸில் ஏறியது. ரோட்டில் மறைந்த பிறகும் கேரளத்திலும் கர்நாடக மலைநாட்டிலும் மரம் இழுக்க அவை நீடித்தன. அங்கே முன் டிரைவைக் கழற்றவில்லை, சேற்றில் அதுதானே தெய்வம்! உலகப் போர் முடிந்து அறுபது எழுபது வருடம் கழித்தும் டீசல் எஞ்சினோடு அவை அங்கே தடி ஏற்றிக்கொண்டிருந்தன. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி 'ஜீப்னி' ஆக்கினார்கள். பின்னாளில் ஜீப்னிகளில் ஜப்பானின் பழைய டீசல் எஞ்சின்கள் ஏறின. அந்த நாடு அதைத் தன் அடையாளமாகவே கொண்டாடுகிறது. நாம் நம்முடையதைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

இன்று இதைச் செய்ய முடியுமா என்று மாணவர்கள் கேட்கலாம். 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிந்துகொள்ள வழி இருந்தது. 1988-ம் வருடச் சட்டத்தின் 52-வது பிரிவை 2000-ல் திருத்தி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று இறுக்கினார்கள். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பாதுகாப்பு நோக்கில் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். வேக்குவம் பம்ப் வைக்க மறந்த பட்டறைகளும் இருந்திருக்கும் அல்லவா? ஆனால் கதவு முழுதாக மூடவில்லை. அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் எரிபொருள் மாற்ற அனுமதி உண்டு. பழைய வண்டிக்கு மின்மோட்டார் பூட்டுவதற்கு ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரக் குறிப்பே இருக்கிறது. அதைப் பிராஜெக்டாக எடுக்கும் மாணவருக்கும் முதல் நாளே அதே கேள்விகள்தான் வந்து நிற்கும்: மோட்டாரின் சுற்றுக்கு எந்த விகிதம், வளையத்தின் மையம் எப்படி, வேக்குவம் எங்கிருந்து?

கடைசியாக, முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலைகளுக்கு டிராயிங் கிடையாது, செய்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் ஆவணம் ஒன்றே ஒன்று: பழைய ஆர்.சி. புத்தகம். எஞ்சின் நம்பரை அடித்து, புது நம்பரும் 'டீசல்' என்ற சொல்லும் தேதியும் சீலும் போட்ட அந்தப் பக்கத்தில்தான் எந்த வண்டிக்கு எந்த வருடம் மாற்றம் நடந்தது என்பது இருக்கும். உங்கள் வீட்டு மர பீரோவில், தாத்தாவின் லாரி புக்கிங் ஆபீஸ் கட்டுகளில், பட்டறை அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட வேண்டாம். வார்ப்பு வளையம் கிடைத்தாலும் சரி. ரீயூனியன் அன்று கொண்டு வாருங்கள். ஆர்.சி. பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன், வளையத்தை மெக்கானிக்கல் லேபில் வைக்க இடம் கேட்டிருக்கிறேன்.