கையால் கெட்டித்த தோட்டா

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. ஏலமும் காப்பியும் விளையும் அந்தச் சரிவுகளில் பயிர் செய்தவனுக்குக் காட்டுப்பன்றி பழைய விரோதி. அதை விரட்ட அவனிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மேலே கொஞ்சம் நாரை வைத்துக் கம்பியால் இடிப்பான். ஒவ்வொரு வேட்டும் அவனே அளந்து செய்த வேட்டு. ஏழைக்கு ஏற்ற ஆயுதந்தான்.

பின்பக்கம் திறக்கும் ரைபிளும் பித்தளைத் தோட்டாவும் வந்ததும் இந்தச் சிக்கனம் மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறையவில்லை. தோட்டாவில் விலை கூடியது பித்தளைக் கூடு. சுட்ட பிறகும் அது அப்படியே இருக்கும். வெடித்த கேப்பை அகற்றி, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா! 1866-ஐ ஒட்டி இந்தக் கேப்பை இருவர் இருவிதமாக அமைத்தார்கள். ஒருவர் ஆங்கிலேயரான பாக்ஸர். மற்றவர் அமெரிக்கரான பெர்டான். வேடிக்கை என்னவென்றால், பாக்ஸருடையது அமெரிக்காவில் குடியேறிற்று. பெர்டானுடையது ஐரோப்பாவில் குடியேறிற்று. பாக்ஸர் கூட்டில் நடுவே ஒரே துளை. ஊசியால் ஒரு தள்ளுத் தள்ளினால் பழைய கேப்பு விழுந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில் இலக்குச் சுடும் சாதாரணக் குடும்பஸ்தன் வீட்டு மேஜையிலேயே தோட்டா கெட்டித்துக் காசு மிச்சம் பிடிக்கிறான்.

நம் நாட்டில் அந்த மேஜை ஏன் வரவில்லை?

1877-இல் மன்றோ துரை பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். மறு வருஷமே, 1878-இல், லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தோட்டக்காரத் துரைக்கு விலக்கு; கீழே போடியில் இருந்த குடியானவனுக்கு லைசென்ஸ். குடகர்களுக்கும் விலக்களித்தார்கள். அதே வருஷந்தான் அந்தப் பிரபு தாய்மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார். எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஜோடிப் பொருத்தம் மறப்பதில்லை. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டம் நிலைத்தது.

சர்க்கார் பயந்தது துப்பாக்கிக்கு மட்டுமல்ல. தோட்டா கெட்டிக்கும் கைக்கும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், .450 அளவு வேட்டை ரைபிள்கள் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று தடுத்தார்கள். பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி ரைபிளுக்கும் அதே அளவு. வேட்டைக்கு வந்த குண்டை எடுத்துக் கலகக்காரர்கள் பட்டாளத் தோட்டாவில் வைத்துவிட்டால்? லண்டன் கம்பெனிகள் சளைக்கவில்லை. .470, .465 என்று குழாயைக் கொஞ்சம் பெருக்கிப் புது ரைபிள்களை அனுப்பின. இங்கே யானை சுட வந்த சீமான்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1930-இல் காந்திஜி வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சாமூர்த்தி கேட்டதைப் பலர் கவனிப்பதில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் தோட்டாவுக்கு எண்ணிக்கை உண்டு. அதைத் தயாரிக்கத் தனி லைசென்ஸ் உண்டு. 1972-இன் வனவிலங்குச் சட்டமும் பின்னர் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அதில் எனக்குச் சந்தோஷமே. மிஞ்சியது இலக்குச் சுடுதல். அதற்குரிய .22 தோட்டாவில் வெடிமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் வீட்டில் மறுபடி நிரப்ப வழியில்லை. ஒவ்வொன்றும் புதிதாகவே வாங்கியாகவேண்டும்.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 2012-இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றார். இருவர் கையிலும் இருந்தது காற்றுத் துப்பாக்கி. அதற்கு மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை, பித்தளைக் கூடும் இல்லை. சின்ன ஈயக் குண்டு ஒன்றே போதும்.