கொடி இறங்கிய பின்

பல்லவகுல அரசி சாமவை, வெள்ளியாலான போக ஸ்ரீநிவாச மூர்த்தியைச் சமர்ப்பித்து, புரட்டாசி உத்ஸவத்துக்கென்று நிலமும் விட்ட செய்தியைத் திருமலைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. ஆனால் காலையும் இரவும் வாகனம் சுமந்த ஸ்ரீபாதந்தாங்கிகளின் தேகம் பட்ட பாட்டை நாமேதான் ஊகிக்க வேண்டும்.

1944இல் மோட்டார் மலைப்பாதை திறக்கப்படும் வரையில், செல்வரும் முதியோரும் டோலியில் ஏற, ஏனையோர் அலிபிரிப் படிகளில் மூச்சிரைக்க நடந்து, இராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்று ஐதிகம் வழங்கும் முழங்கால்முறிச்சானைக் கடந்து, சந்நிதி சேர்ந்தார்கள். டோலி தூக்கியவனின் முழங்காலை யாரும் ஐதிகமாக்கவில்லை.

சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், உடல் இப்படி வருந்தும் வேளையில் முதலில் அட்ரினலினைப் பாய்ச்சி இருதயத்தை விரைவுபடுத்தி, பின்னர் கார்டிசாலைச் சுரந்து, கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கலக்கச் செய்வதனால்தான், கருடசேவை இரவில் உறக்கமின்றி நிற்கும் மனிதனுக்கும் பலம் கிடைக்கிறது. இது தீங்கன்று, தீங்கு, சுரப்பு தணியாதபோது விளைகிறது. மாண்ட்ரியலில் எலிகளை இடைவிடாத இன்னலுக்கு உட்படுத்திய ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே, அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் பருத்து, தைமஸ் சுருங்கி, இரைப்பை புண்ணானதைக் கண்டு 1936இல் வெளியிட்டார். மனிதரிடத்தும் நெடுங்காலம் கார்டிசால் மிகுந்திருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், நோயெதிர்ப்பு தளரும், நித்திரை கெடும்.

பழைய உத்ஸவ முறையில் இதற்கு ஒரு பரிகாரம், எவரும் நினைத்துச் செய்யாமலே, அமைந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கொடியேறும் துவஜாரோஹணத்தில் தொடங்கிய பிரம்மோத்ஸவத்தின் ஒன்பது நாள் பரபரப்பு கொடியிறங்கும் துவஜாவரோஹணத்தோடு அடங்கி, கூட்டம் மலையிறங்க, உழைத்த சரீரமும் மெல்லத் தன் நிலைக்குத் திரும்பியது. பாதை வந்தது, பஸ் வந்தது, வைகுண்டம் வரிசைக் கூடங்கள் வந்தன, உத்ஸவமில்லாத நாளிலும் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, பொட்டு என்று அவ்வூரார் சொல்லும் மடைப்பள்ளியில் நாள்தோறும் லட்டு பிடிக்கும் கைகளுக்குக் கொடி இறங்கும் நாள் எது?

அடிவாரத்தில் 1993இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இருதயத்துக்கும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. இருதய நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் நடந்தேற வேண்டாமென்று தேவஸ்தானமே எச்சரிக்கிறது. ஆயினும் படிகளில் கூட்டம் குறைந்தபாடில்லை. அதிக மாசம் வரும் ஆண்டிலோ, பிரம்மோத்ஸவமே இரண்டு.