மனநிறைவும் பயனும்: அமெரிக்கப் பள்ளிகளில் 'டேர்' திட்ட மதிப்பீட்டின் வரலாறு

பள்ளிவழி நடைபெறும் இளையோர் வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் அறிக்கைகள் பலவற்றில் பங்கேற்றோரின் பாராட்டே முதன்மைச் சான்றாக நிற்கிறது. மாணவர் மகிழ்ந்தனர், ஆசிரியர் போற்றினர், பெற்றோர் தொடர வேண்டினர் என்பன அவ்வறிக்கைகளில் வழக்கமாகக் காணப்படும் தொடர்கள். இவ்வகைச் சான்றின் வலிமையை, 'டேர்' எனப்பட்ட அமெரிக்கப் போதைப் பழக்க எதிர்ப்புக் கல்வித் திட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைத் தலைவர் டாரில் கேட்ஸ், அந்நகரப் பள்ளி நிருவாகத்துடன் இணைந்து இத்திட்டத்தைத் தொடங்கினார். சீருடையணிந்த காவலர் ஒருவர் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பிற்கு வாரந்தோறும் வந்து 17 பாடங்களை நடத்துவார். போதைப்பொருளின் தீமை அவற்றுள் ஒரு பகுதியே. தன்மதிப்பை வளர்த்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல், முடிவெடுத்தல், தோழரின் வற்புறுத்தலை மறுத்தல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. ஆதலின் இதனை ஆளுமை வளர்ச்சித் திட்டமாகவும் கொள்ள இடமுண்டு. 1990களில் இது நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குப் பரவிவிட்டது.

1994இல் சூசன் என்னட்டும் உடன் ஆய்வாளர்களும் எட்டு மதிப்பீடுகளை ஒருங்கிணைத்து ஆராய்ந்தனர். மாணவரின் அறிவு வளர்ந்திருந்தது (விளைவளவு 0.42), போதைப்பொருள் பயன்பாட்டில் ஏற்பட்ட மாற்றமோ மிகச் சிறிது (0.06). இதே ஆய்வுத் திட்டத்தின் மற்றொரு பகுதியில், பள்ளி மாவட்டப் பொறுப்பாளர்கள் டேர் குறித்து மிகுந்த மனநிறைவு தெரிவித்திருந்தனர். மனநிறைவும் பயனின்மையும் ஒரே ஆய்வில் அருகருகே பதிவானது நோக்கத்தக்கது.

கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகர ஆய்வு இன்னும் ஆழமானது. அங்கு 23 தொடக்கப் பள்ளிகள் குலுக்கல் முறையில் டேருக்கு ஒதுக்கப்பட்டன. 8 பள்ளிகள் ஒப்பீட்டிற்கென நிறுத்தப்பட்டன. ஆறாம் வகுப்பில் பயின்றவர்களுள் 1,002 பேரை அவர்களது 20ஆம் வயதில் டொனால்ட் லைனமும் குழுவினரும் மீண்டும் கண்டறிந்து 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். புகை, மது, கஞ்சா ஆகியவற்றின் பயன்பாட்டில் இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை. தன்மதிப்பிலோ, டேர் பயின்றோர் சற்றுத் தாழ்ந்தே இருந்தனர். இவ்வேறுபாடு சிறிது, இதனை மிகைப்படுத்துதல் தகாது. எனினும் தன்மதிப்பை வளர்ப்பதாகச் சொன்ன திட்டத்தில் இது எதிர்பாராத முடிவே. ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் வழக்கமான போதைத் தடுப்புப் பாடங்கள் நடைபெற்றன என்பதையும் மறத்தலாகாது. டேர் அவற்றினும் சிறந்ததன்று என்பதே நேரிய முடிபு.

பெற்றோரும் ஆசிரியரும் ஏன் மாறாகக் கண்டனர்? அவர்கள் பொய்யுரைக்கவில்லை. இப்பாடங்களைப் பயிலாவிடினும் பெரும்பாலான சிறுவர் தீவிரப் போதைப் பழக்கத்திற்கு ஆளாவதில்லை. திட்டத்தில் பயின்ற பிள்ளை நல்வழியில் நடப்பதைக் காண்பவர் அதனைத் திட்டத்தின் பயனென்றே கருதுவார். பயிலாத பிள்ளையும் அவ்வாறே நடப்பது அவர் கண்ணில் படுவதில்லை. கருத்துப் படிவம் எத்துணை நேர்மையாக நிரப்பப்பட்டாலும் இக்குறை நீங்காது. ஒப்பீட்டுக் குழுவே இதனைக் காட்டவல்லது.

2001இல் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை டேரைப் பயனற்ற திட்டங்களுள் ஒன்றாக வகைப்படுத்தியது. 2003இல் நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகமும் ஒத்த முடிவிற்கே வந்தது. அதற்குள் பல தலைமுறை மாணவர்கள் அப்பாடங்களைப் பயின்று முடித்திருந்தனர்.

2009இல் டேர் அமைப்பு பழைய பாடத்திட்டத்தைக் கைவிட்டு, 'கீப்பிங் இட் ரியல்' என்னும் புதியதை ஏற்றது. அது பீனிக்ஸ் நகர நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பாசிரியர்களால் நடத்தப்பட்டு ஆராயப்பெற்ற திட்டமாகும். டேர் அமைப்போ அதனையும் காவலர்களைக் கொண்டே நடத்தியது. பின்னர்த் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றது.